கடப்பாரா, நிற்பாரா

அந்த ஆள் நடைபாதையின் ஓரத்தில் நிற்கிறார். பனி கொட்டி ஓய்ந்த தெரு, ஓரமெல்லாம் அழுக்கு வெள்ளையாகக் குவிந்து கிடக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கலங்கிய தண்ணீர் மாதிரி ஒரு வட்டம்; எல்லார் முகத்தையும் அப்படித்தான் அழித்து அனுப்புவார்கள், யாரென்று நமக்குத் தெரியக் கூடாதாம், தெரிந்தால் நான் என்னவோ வீடு தேடிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிடுவேன் என்பதுபோல. முகத்தை அழித்தவர்களுக்குக் கையை அழிக்கத் தோன்றவில்லை. ஒரு கை காதோரம், போன் பேசுகிறார். இன்னொரு கை தொடையருகே, பேண்ட்டுத் துணியை விரல் நுனியால் கிள்ளிப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. அந்தக் கிள்ளலைப் பார்த்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. அம்புக்குறிச் சாவியை இன்னொரு தடவை தட்டினால் அடுத்த படம் வரும், மறுபடி தட்டினால் அதற்கடுத்தது, மொத்தமே ஓரிரு நிமிஷம் ஓடுகிற தெரு, தட்டித் தட்டி முடித்துவிட்டு வேறு தெருவுக்குப் போய்விடலாம். தட்டவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், இதுதான் முதலில் வந்தது, இன்னும் இதுதான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் பர்வீன் தடதடவென்று தட்டிக்கொண்டே போகிறாள், அவள் தெருக்களில் யாரும் இல்லை.

எங்கேயோ ஓர் ஊரில் டிரைவர் இல்லாத கார் ஓடப் பழகுகிறது. அதன் தலையில் கட்டிய கேமரா எப்போதோ பிடித்து வைத்த தெருவெல்லாம், சிலது ரெண்டு வருஷப் பழசு, பெருந்துறையில், ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், எங்கள் முன்னால் வந்து விழுகிறது. இலை போட்ட இடத்தில் கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள், கை கழுவுகிற குழாய்கள் மட்டும் சுவரோரம் வரிசையாக இன்னும் இருக்கின்றன. என் கல்யாணம் இங்கே நடக்கவில்லை, அதைவிடப் பெரிய மண்டபத்தில் நடந்தது, அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது. வேலை ஒன்றும் கஷ்டமில்லை. தெருவோரம் நிற்கிற ஒவ்வொரு ஆளைச் சுற்றியும் இறுக்கமாக ஒரு கட்டம், அவருக்கு நேராக ஒரு கேள்வி: கடப்பாரா, நிற்பாரா. முதலில் எல்லாவற்றையும் நாங்களே போட்டோம். இப்போது கட்டம் போடுவது, பதில் சொல்வது எல்லாம் மெஷினே செய்துவிடுகிறது, கடந்துவிடுவார், தொண்ணூற்றுச் சொச்சம் நிச்சயம் என்று தலைக்குமேலே எழுதியும் காட்டுகிறது. அதற்குச் சந்தேகம் வந்த படங்கள் மட்டும்தான் எங்களிடம் வருகின்றன. இந்த ஆளின் தலைக்குமேல் பாதிக்குப் பாதி என்று நிற்கிறது. கால் நிற்கிறது, கை கிளம்புகிறது, எதை நம்புவது என்று அதற்குத் தெரியவில்லை, பாவம். ஒரு மனுஷன் பேண்ட் போட்டுக்கொண்டு வேட்டியைத் தூக்குகிறான் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எங்களுக்கே பாடம் தேவைப்பட்டது. இந்த வேலை வந்த புதிதில் கூடத்தில் இருந்த அத்தனை பேரும், ஒருத்தர் மிச்சமில்லாமல், தெருவோரம் நின்ற அத்தனை பேருக்கும் கடப்பார் கடப்பார் என்றே போட்டுத் தள்ளினோம். ரோட்டோரம் வந்து நின்றால் கடக்கத்தானே, வேறென்னத்துக்கு நிற்பது, வேடிக்கை பார்க்கவா. மொத்தமும் திரும்பி வந்தது. டீம் லீடர் தினகர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார், “அங்க சிவப்பு எரிஞ்சா நிப்பாங்களாம். வண்டியே வராட்டியும் நிப்பாங்களாம். நிக்கறவங்க வேற, தாண்டறவங்க வேற, மனசுல வெச்சுக்கங்க.” எல்லாரும் சிரித்தோம். வண்டியே வராத ரோட்டில் ஒரு விளக்குக்காக நிற்கிறவனை நாங்கள் கண்டதில்லை. நான் அன்றைக்குச் சாயங்காலம் பைபாஸ் ரோட்டைக் கடக்கும்போது சும்மா நின்று பார்த்தேன், எவ்வளவு நேரம் நிற்க முடிகிறதென்று. பழக்கடை அம்மா, “ஏனம்மிணி, மயக்கம் கியக்கம் வருதா?” என்று கேட்டாள். நிற்பது ஒரு வேலை என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போதே தெரியும்.

அவர் நின்றதே இல்லை, பூபதி, என் வீட்டுக்காரர். மனசுக்குள் அவர் என்றுதான் வருகிறது இன்னும், கோபம் வரும்போது அவன் என்று வைது பார்ப்பேன், ஒட்டாது. பைபாஸைக் கடக்க வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், எதிரில் லாரி வந்தாலும் உள்ளங்கையை விரித்து நீட்டி, அந்தக் கை என்னவோ பெரிய மதகு மாதிரி, லாரிக்காரனை நிறுத்திவிட்டு நடப்பார். இறங்குவதற்கு முன்னால் வேட்டியை ஒரு கிள்ளு. சாக்கடையைத் தாண்டவும் ஒரு கிள்ளு, பஸ் படியேறவும் ஒரு கிள்ளு, கோயில் வாசற்படிக்கும் அதே. சிப்காட்டில் லேத்துக் கடைசல் வேலைக்குப் போகும்போது பேண்ட் போடுவார், அப்போதும் கை தானாகப் போய்த் துணியைப் பிடித்துத் தூக்கும், நான் வாசலில் நின்று சிரிப்பேன், “மாமா, வேட்டி அவுந்துருச்சு” என்பேன், குனிந்து பார்த்துவிட்டு அடிக்க வருவார். அடிக்கிற கை கன்னத்தில் வந்து நின்றுவிடும். அந்தக் கையில் மெஷின் எண்ணெய் வாசம், என்ன சோப்புப் போட்டாலும் போகாது, தலையணையிலும் அதுதான், என் கழுத்திலும் அதுதான். இப்போதும் ஷிப்டு விட்டுக் கம்பெனி பஸ் போகும்போது ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்துவிட்டால் எதற்கு வந்தேன் என்பது மறந்து பஸ் போன திசையில் கொஞ்ச தூரம் நடந்துவிடுகிறேன். பைத்தியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கை எனக்கு வேண்டும். நியாயம் தர்மம் எல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கை வேண்டும்.

போலந்துக்குப் போனார். அந்த ஊர்ப் பேரை அவரே ஒழுங்காகச் சொன்னதில்லை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சொல்வார், நான் அந்த ஊர் என்றே வைத்துக்கொண்டேன். கார் பாகம் செய்கிற ஃபாக்டரி, ரெண்டு வருஷத்தில் வந்துவிடுவேன், வந்து சொந்தமாக ஒரு கடைசல் பட்டறை. வீடியோவில் தெருவைக் காட்டுவார், மணியடித்துக்கொண்டு போகிற டிராமைக் காட்டுவார், கம்பி கட்டிய பாலத்தைக் காட்டுவார். அதனால்தான் இந்த வேலைக்கு வந்தபோது, எங்கே பிடித்த படம் என்று யாரும் சொல்லாமலே, அந்த டிராமைப் பார்த்ததும் அது எந்த ஊரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் கூப்பிட்டவர் வாரத்துக்கு ஒருமுறை ஆனார். கடைசியாகக் கூப்பிட்டது போன குளிருக்கு முந்திய குளிரில். நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கஞ்சி ஆவி முகத்தில் அடிக்க, எப்ப வருவீங்க மாமா என்று கேட்டேன். அவர் திடீரென்று சிரித்தார். “அம்மிணி, இங்க பாரு, ஒரு நாய்க்கு நாலு காலுக்கும் செருப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போறாங்க, செவப்புச் செருப்பு, அதும் நடக்கற நடையப் பாக்கோணுமே நீயி.” நானும் சிரித்தேன், கஞ்சி கையில் பட்டுச் சுட்டது. “சிக்னல் விழுந்திருச்சு, தாண்டிட்டுக் கூப்புடறேன், இரு,” என்றார். இருந்தேன். சோறு ஆறிப்போய் சோறு வடித்த பிடிதுணி காய்ந்து போகும்வரை அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. அந்த நம்பர் அப்புறம் அடிக்கவே இல்லை.

ஃபாக்டரியில் கேட்டதற்கு, வேலையை விட்டு நின்றுவிட்டார், அவராகத்தான் நின்றார் என்றார்கள். எப்போது நின்றார் என்று கேட்டால் அதெல்லாம் சொல்ல மாட்டோம் என்றார்கள். அவருடைய பெரியண்ணன் கையை விரித்துவிட்டார். எங்கண்ணன் ஈஸ்வரமூர்த்தி ஒன்றே ஒன்றுதான் சொல்வான், அந்தப் பொழப்பு முடிஞ்சுது அம்மிணி, அங்க எவளையோ கட்டிக்கிட்டான், விடு. நான் விடவில்லை. ரோட்டைத் தாண்டப் போனவர், தாண்டும்போது என்னவோ ஆகிவிட்டது, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் பேர் தெரியாமல் படுத்திருக்கிறார், பாஷை புரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறார், நினைவு தப்பியிருக்கும். அடிபட்டிருந்தால் எம்பசி சொல்லியிருக்கும் என்பான் அண்ணன். எம்பசிக்கு ஆயிரம் வேலை என்பேன் நான். இதை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறது, மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம்: அவருக்கு அடிபட்டிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சின்னதாக. உயிருக்கு ஒன்றும் ஆகாமல், காலிலோ தலையிலோ. அடிபட்டிருந்தால் என்னை விட்டுப் போகவில்லை என்றாகும். பத்திரமாகத் தாண்டியிருந்தால், தாண்டிய பிறகு கூப்பிடவில்லை என்றாகும். எந்தப் பொண்டாட்டி புருஷன்மேல் டிராம் மோத வேண்டுமென்று நினைப்பாள். நான் நினைத்தேன். நினைத்துவிட்டு உடனே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன், ஒன்றும் ஆகக் கூடாதென்று. இரண்டுக்கும் நடுவில் இத்தனை நாள் ஓடிவிட்டது. இன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வருகிறான், வேலை முடிந்ததும் நேராக வக்கீல் வீடு, விவாகரத்து மனுவில் கையெழுத்து. நேற்று ராத்திரி சரி என்று சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றேன், அண்ணி கூட ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“ஏனுங்க்கா, உங்க ஸ்கிரீன் நின்னுபோச்சா?” பர்வீன் எட்டிப் பார்க்கிறாள். நின்றதெல்லாம் இல்லை கண்ணு, நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறேன். “அந்தாளு தாண்டிருவாருங்க்கா, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே,” என்கிறாள், அழித்த முகத்தைப் பார்த்து. அவளுக்கு எல்லாம் விளையாட்டு. காலையில் தினகர் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்துப் பேசியபோதும் இவள்தான் சிரித்தாள். இந்த வாரத்தோடு தெரு வேலை முடிகிறதாம். இனிமேல் மெஷினுக்குச் சந்தேகம் வந்தாலும் இன்னொரு மெஷினைக் கேட்டுக்கொள்ளுமாம். தெருவுக்குப் போய்ப் படம் பிடிப்பதைக்கூடக் குறைக்கப் போகிறார்களாம். மெஷினே தனக்கொரு ஊரை உண்டாக்கி, ரோடு போட்டு, பனி பெய்ய வைத்து, ஆட்களை நடக்க விட்டு, அதிலேயே பழகிக்கொள்ளுமாம். “நெசமான ரோட்டுல ஒரு வருசத்துல பாக்கறத அது ஒரு மத்தியானத்துல பாத்துருமுங்க,” என்றார் தினகர், ஏதோ அவர் வீட்டுப் பையன் பரீட்சையில் தேறிய மாதிரி. நான் அந்த ரோட்டை நினைத்துப் பார்த்தேன். அதில் நடக்கிற ஆட்களுக்குப் போக ஒரு வீடு இருக்காது. தாண்டிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அங்கே எவளும் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை. எங்களுக்கு அடுத்த மாசம் வேறு வேலை தருகிறார்கள், நெற்றியில் கேமரா கட்டிக்கொண்டு துண்டு மடிக்க வேண்டும், பாத்திரம் அடுக்க வேண்டும், கை எப்படிப் போகிறதென்று ரோபோ பார்த்துப் பழகிக்கொள்ளுமாம். துண்டு மடிக்கச் சம்பளமா என்று பர்வீன் வாயைப் பொத்திச் சிரித்தாள். எட்டு முழ வேட்டியை ஒற்றை ஆளாக மடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், எதிர்முனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும், இல்லாவிட்டால் தாடையில் இடுக்கிக்கொண்டு மடிக்க வேண்டும். பெட்டியில் இருக்கிற அவருடைய வேட்டிகளை அப்படித்தான் மாசத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து மடிக்கிறேன்.

ஆக இந்த வாரத்தோடு அந்த ஊர் போய்விடும். தினமும் வந்து உட்கார்ந்ததும் பனியோ மழையோ வெயிலோ அங்கே என்னவென்று பார்த்துவிடுவேன், பேக்கரியில் கூட்டமா, பாலத்துக் கம்பியில் பூட்டு மாட்டியிருக்கிறார்களா, அதெல்லாம் என் ஊர் மாதிரி ஆகிவிட்டது. முகமில்லாத ஆண்களில் அவருடைய தோளைத் தேடித் தேடி, எத்தனையோ தோள்களுக்குக் கட்டம் போட்டிருக்கிறேன். படத்தில் தெரிந்தவர் யாரையும் தேடக் கூடாது என்று கையெழுத்து வாங்கித்தான் வேலைக்கே வைத்தார்கள். தேடாமல் எப்படி இருப்பது, கண்ணை வாசலில் லாக்கரில் போனோடு வைத்துப் பூட்டிவிட்டா வர முடியும். கிடைக்காது என்பதும் தெரியும். கிடைக்காததால்தான் தேட முடிந்தது, இப்போது அது புரிகிறது. அந்தக் கிள்ளலை இந்த உலகத்தில் வேறு யாருமே செய்ய மாட்டார்களா என்ன. வேட்டி கட்டிப் பழகியவன் எவனும் செய்வான், அந்த ஃபாக்டரியில் நம்ம பக்கத்து ஆள் நிறையப் பேர் உண்டு, யாரோ ஒரு சேலத்துக்காரனாக இருக்கும், திருச்செங்கோட்டுக்காரனாக இருக்கும். அவன் பொண்டாட்டியோடு பேசிக்கொண்டிருப்பான். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும். தட்டுகிறேன்.

ஒரு படம் நகர்கிறது. அந்த ஆளின் தலை கொஞ்சம் திரும்புகிறது. இன்னொன்று. இன்னும் திரும்புகிறது, கீழே எதையோ பார்க்கிறார். தோள் குலுங்குகிற மாதிரி ஒரு படத்தில் மேலே, அடுத்த படத்தில் கீழே, சிரிக்கிறார். படத்தின் ஓரத்திலிருந்து ஒரு புதுக் கட்டம் உள்ளே வருகிறது, மெஷினே போட்ட கட்டம், நாய் என்று எழுதியிருக்கிறது. கால்களைத் தூக்கித் தூக்கி வைக்கிறது அந்த நாய், தரையில் என்னவோ ஒட்டிக்கொள்கிற மாதிரி. நான் படத்தைப் பெரிதாக்குகிறேன், இன்னும் பெரிதாக்குகிறேன், சிவப்பாக நாலு புள்ளி. நாய்க்குச் செருப்புப் போடுகிற ஊரில் ஒரே ஒரு நாய்க்கா போடுவார்கள் என்று ஒரு மனசு கேட்கிறது, நான் அதைக் காதில் வாங்கவில்லை. இந்த ஆள் சிரித்துக்கொண்டே என்ன சொல்கிறாரென்று எனக்குத் தெரியும். அந்தப் போனின் மறுமுனையில் கஞ்சி வடிகிற ஓர் அடுப்படி இருக்கிறது. நான் இருக்கிறேன் அதில், தோளைக் காதோடு அழுத்திக்கொண்டு. மாமா, நான் அங்கேதான் இருக்கிறேன், உங்கள் காதோரம். எத்தனை அழகாக நிற்கிறார், இளைத்திருக்கிறார், அந்தக் கறுப்பு ஸ்வெட்டர் நான் பார்த்ததில்லை. எப்ப வருவீங்க என்று அப்போதுதானே கேட்டிருக்கிறேன், இந்தப் படத்துக்குக் கொஞ்சம் முன்னால். கேட்டதும் தலை திரும்பியது. கேட்டதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்த கண்ணுக்கு ஒரு நாய் கிடைத்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை, நாயை நினைத்துச் சிரித்தேன், அப்புறமும் எத்தனையோ நாள் அந்த நாயை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். பதில் சொல்லவில்லை என்பதே இவ்வளவு நாள் கழித்துத்தான் உறைக்கிறது.

சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. ரோட்டில் வண்டியே இல்லை, படம் பிடிக்கிற கார் மட்டும் ஓரமாக நிற்கிறது. நிற்கிறார், லாரியைக் கை நீட்டி நிறுத்துகிற மனுஷன், எல்லாரோடும் ஒருவராகப் பேசாமல் நிற்கிறார், எப்போது பழகினார் இதை. தட்டுகிறேன். விளக்கு மாறுகிறது. போன் காதிலிருந்து இறங்குகிறது. தாண்டிட்டுக் கூப்புடறேன், இரு. அதைப் பேண்ட் பைக்குள் போடுகிறார். தூரத்தில் டிராம், முகப்பு விளக்கு மட்டும் மஞ்சளாக. இத்தனை நாள் இந்த டிராமைத்தான் நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், இதோ வந்துவிட்டது, வேண்டாம், போய்விடு, நில். மாமா, நிக்காதீங்க, வெரசா நடங்க. ஒரு கால் இறங்குகிறது, மெஷின் உடனே தலைக்குமேல் எண்ணை ஏற்றுகிறது, இப்போது அதற்குச் சந்தேகமில்லை. நான் தட்டாவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், ரோட்டுக்கு நடுவில், என்னிடம் இரு என்று சொன்ன ஈரம் காயாமல். மோதவும் இல்லை, போகவும் இல்லை. இப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடலாம். பர்வீனைத் தட்டச் சொல்லலாம். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், அது ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, வியர்வையில் வழுக்குகிறது. தாண்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தாண்டிவிடக் கூடாதே என்றும் இருக்கிறது. அப்புறம் ஒன்று மட்டும் மிஞ்சுகிறது, அவர் காலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. தட்டுகிறேன், தட்டுகிறேன், தட்டுகிறேன்.

டிராம் அவருக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டது. அது நிற்கத்தான் நிற்கும், அந்த ஊர் அப்படி. அவர் பாட்டுக்கு நடந்து எதிர்ப்பக்கம் ஏறினார், ஏறும்போது இன்னொரு கிள்ளு. அங்கே நின்றார். பைக்குள் கை போனது, போனை எடுத்தார். அதைப் பார்த்தபடி நின்றார், ஒரு படம், இன்னொரு படம், இன்னொரு படம், பின்னால் ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அவர் மட்டும் குனிந்த தலையோடு அப்படியே. எதையோ யோசித்திருக்கிறார். யோசித்தது எனக்குப் போதுமா என்று தெரியவில்லை. அப்புறம் போனைத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். நொண்டவில்லை, தடுமாறவில்லை, நல்ல திடமான நடை, எங்கே போகிறோம் என்று தெரிந்தவருடைய நடை. பேக்கரியைத் தாண்டி, பாலம் இருக்கிற பக்கம், படம் முடிகிற இடம்வரை நடந்தார். கடந்தாரா என்று மெஷின் கேட்டது. ஆம் என்று போட்டேன். போன வழியைக் கோடாக வரையச் சொன்னது, நடைபாதையிலிருந்து ஆரம்பித்து, ரோட்டுக்குக் குறுக்கே, நின்ற இடத்தில் நின்று, மறுபடி கிளம்பி, படத்தின் விளிம்புவரை சுட்டியை இழுத்துக்கொண்டு போனேன். அவரோடு கூடவே நடந்த மாதிரி இருந்தது. விளிம்புக்கு அப்பால் கோடு போகவில்லை. ஒரு நொடி சுழன்றது, வேறு ஒரு தெரு வந்தது, அதில் ஒரு கிழவி குடையோடு நின்றாள், கடப்பாளா நிற்பாளா என்று அவளுக்குமேல் சந்தேகத்தோடு எழுதியிருந்தது.

“அக்கா, உங்கண்ணன் கீழ வந்து நிக்கறாருங்க, செக்யூரிட்டி சொன்னாரு,” என்றாள் பர்வீன். எழுந்தேன். குழாயடியில் முகம் கழுவினேன், தண்ணீர் இன்னும் பந்தி நாள் மாதிரியே ஜோராக வந்தது. கீழே அண்ணன் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டபடி உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் என்ஜினை அணைத்தான். “ஏனம்மிணி, மூஞ்சி இப்படி இருக்குது? வேண்டாம்னா இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம், வக்கீலு எங்க போயிறப் போறாரு.” ரெண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டே இருந்தவன், கையெழுத்துப் போடுகிற நாளில் இப்படிக் குழைகிறான். “அண்ணா, அவருக்கு ஒண்ணும் ஆகலீங்ணா,” என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினான். “யாரு சொன்னது? கூப்புட்டானா?” இன்னும் இல்லை என்றுதான் எப்போதும் சொல்வேன், வாயில் அது வரவில்லை. “இல்லீங்ணா,” என்றேன். வண்டியின் பின்சீட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், சீட்டு வெயிலில் காய்ந்து சுட்டது. “பத்திரமாத் தாண்டிட்டாருங்ணா,” என்றேன். சொல்லும்போது ஒரு நிமிஷம், அந்த ஒரே ஒரு நிமிஷம், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் அழுதேன்.